ரெண்டாவது பேஸில் நின்றுகொண்டு கேட்சரின் ஜாடையைப் பேட்டருக்குச் சொல்வது தப்பா?

#1 கேட்சர்_அம்மா

வணக்கம். மூன்று நாளாக எங்கள் வீட்டில் இதே பேச்சு, அதனால் இங்கே கொண்டுவந்து போடுகிறேன்.

மகளுக்கு 12 வயது. சாப்ட்பால் ஆடுகிறாள். ட்ராவல் பால் (ஊர் ஊராகப் போய் டோர்னமென்ட் ஆடும் டீம்), 12யு (12 வயதுக்கு உட்பட்டோர்), கேட்சர். பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, அடுத்து எந்தப் பந்து என்று பிட்சருக்கு, அதாவது பந்து எறிகிற பெண்ணுக்கு, விரலால் ஜாடை காட்டுவது அவள் வேலை. போன ஞாயிறு தோற்றால் வீட்டுக்குப் போகவேண்டிய மேட்ச். நாலாவது இன்னிங்ஸில் எதிர் டீம் பெண் ஒருத்தி, பிட்சருக்குப் பின்னால், கேட்சருக்கு நேர் எதிரே இருக்கும் ரெண்டாவது பேஸில் நிற்கிறாள். என் மகள் குந்தி உட்கார்ந்து, தொடை நடுவே விரல் காட்டுகிறாள். ஒரு விரல் ஃபாஸ்ட்பால் (வேகப்பந்து), நாலு விரலையும் ஆட்டினால் சேஞ்ச்அப் (வேகம்போல் காட்டி மெதுவாக வரும் பந்து). அந்த ரன்னர் சில சமயம் முழங்காலில் கை வைக்கிறாள், சில சமயம் இடுப்பில். ஐந்தாறு பந்து போனபிறகுதான் எனக்கே உறைத்தது. இடுப்பில் கை என்றால் சேஞ்ச்அப். அதுவரை எங்கள் பிட்சரின் சேஞ்ச்அப்புக்கு முன்கூட்டியே மட்டையைச் சுற்றிவிட்டுத் தடுமாறியவர்கள், திடீரென்று நின்று நிதானமாக அடித்தார்கள். மூன்று ரன்.

அதுவரைக்கும் எனக்கு வருத்தமில்லை. சுலபமான ஜாடையை வைத்தது எங்கள் பிசகு. அடுத்து நடந்ததுதான் விஷயம். எங்கள் கோச் பெண்களைக் கூட்டி, "அவங்க பண்றாங்க, நாமளும் பண்ணுவோம். ஹெல்மெட்டைத் தொட்டா சேஞ்ச்அப்" என்றார். அடுத்த இன்னிங்ஸில் ரெண்டாவது பேஸில் போய் நின்றது என் மகளேதான். ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். கோச் மூன்றாவது பேஸ் பக்கமிருந்து தன் தொப்பியைத் தட்டித் தட்டிக் காட்டுகிறார். இவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தோற்றோம். முடிந்ததும் எல்லார் முன்னாலும் "டீமுக்காக ஆடத் தெரியணும்" என்று அவளுக்கு டோஸ்.

காரில் கேட்டாள்: "அம்மா, நான் பண்ணது தப்பா, அவங்க பண்ணது தப்பா?" டிராஃபிக்கைப் பார்ப்பதுபோல் சமாளித்துவிட்டேன்.

#2 எடிசன்வாசி

ஆட்டத்துல இதெல்லாம் சகஜம். ஜாடையை மாத்துங்க, முடிஞ்சுது. நாலு விரலை ஆட்டினா சேஞ்ச்அப்னு இந்த ஊர்ல எட்டு வயசுப் பொண்ணுக்கும் தெரியும்.

#3 நீலச்சட்டை

சனி, ஞாயிறுகளில் அம்பயராக நிற்பவன் நான். எங்களை மைதானத்தில் 'ப்ளூ' என்றுதான் கூப்பிடுவார்கள், இந்தப் பேர் அதனால் வந்தது.

முதலில் விதி. பெரியவர்கள் ஆட்டத்தில், அமெரிக்காவின் உச்சகட்டத் தொழில்முறை ஆட்டமான மேஜர் லீக் பேஸ்பால் உட்பட, வெறும் கண்ணால் பார்த்து ஜாடையைப் பிடிப்பதைத் தடுக்கும் விதி கிடையாது. கேமரா, பைனாகுலர், எலெக்ட்ரானிக் சாமான் வந்தால்தான் குற்றம். ஆனால் சிறுவர் சிறுமியருக்கான லிட்டில் லீக் விதிப்புத்தகம் வேறு மாதிரி. ஜாடையைத் திருடி, என்ன பந்து, எங்கே வருகிறது என்று பேட்டருக்குத் தெரிவிப்பது விளையாட்டுப் பண்புக்கு விரோதம் என்று அதில் எழுதியே இருக்கிறது. அம்பயருக்கு அப்படிப் பட்டால் அந்தப் பிள்ளையையும் மேனேஜரையும் சேர்த்தே வெளியே அனுப்பலாம். நீங்கள் ஆடியது ட்ராவல் பால். அங்கே எந்த அமைப்பின் விதியில் டோர்னமென்ட் நடக்கிறதோ அதுதான் கணக்கு. அந்த ஞாயிறு நின்ற அம்பயரைக் குறை சொல்லாதீர்கள்.

சாப்ட்பாலில் இது ஏன் இவ்வளவு எளிது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேஜர் லீக்கில் ரெண்டாவது பேஸிலிருந்து, பேட்டர் நிற்கிற ஹோம் பிளேட் 127 அடி சொச்சம். நமக்கு பேஸுக்கு பேஸ் 60 அடிதான், அதனால் அந்தத் தூரம் 84 அடி 10 அங்குலம். போதாததற்கு, பந்து பிட்சர் கையை விடும்வரை ரன்னர் பேஸை விட்டுக் கால் எடுக்கக் கூடாது. பேஸ்பால்காரனாவது முன்னால் நகர்வது, பின்னால் ஓடி வருவது என்று வேலையாக இருப்பான். இவள் காலை ஊன்றி, கேட்சரின் விரலுக்கு நேர் எதிரே சும்மா நிற்கிறாள். கண்ணை மூடிக்கொள் என்றா சொல்வது?

12யு-வில் பிட்சர் எறிவது 40 அடியிலிருந்து. மணிக்கு 50 மைல் வேகம் என்றால் பந்து வந்து சேர ஏறக்குறைய அரை நொடிதான். மெதுவாக வரப்போகிறது என்று முன்னாலேயே தெரிந்த பேட்டருக்கு அந்த அரை நொடியில் பாதி வேலை மிச்சம்.

ஒருமுறை 10யு மேட்ச். டக்அவுட்டில், அதாவது டீம் உட்காருகிற இடத்தில், ஒரே கூச்சல், கமான், கமான் என்று. மூன்றாவது பேட்டர் வந்தபோதுதான் பிடிபட்டது. ஜெர்சி நம்பரைச் சொல்லிக் கத்தினால் வேகப்பந்து, பேரைச் சொல்லிக் கத்தினால் சேஞ்ச்அப். பத்து வயசுப் பிள்ளைகள்! முகக்கவசத்துக்குள் சிரித்துக்கொண்டேன்.

#4 வலைக்குப்பின்னால்

'திருட்டு' என்ற சொல்லே இங்கே வம்பு. பந்து எறியும் நேரத்தில் நைசாக ரெண்டாவது பேஸுக்கு ஓடிப்போய்ச் சேர்ந்தாலும் இந்த ஊரில் அதே 'ஸ்டீல்' என்ற சொல்தான், அதற்கு எழுந்து நின்று கைதட்டுகிறோம். தமிழில் யோசிக்கும்போதுதான் நமக்கு மனசு உறுத்துகிறது.

மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, ஏன் துண்டு? பார்க்கிறவன் பார்ப்பான் என்று தெரிந்ததால்தான். மூடுவது காட்டுகிறவன் பொறுப்பு. வெளியே விரித்துக் காட்டிவிட்டு, பார்த்தவனைத் திருடன் என்பது எந்த ஊர் நியாயம்?

என் பொண்ணு டீமில் எல்லார் கையிலும் ரிஸ்ட்பேண்ட். கோச் டக்அவுட்டிலிருந்து மூன்று இலக்க நம்பர் சொல்வார். கேட்சர் மணிக்கட்டில் இருக்கும் அட்டையைப் பார்த்து அது எந்தப் பந்து என்று தெரிந்துகொள்வாள். ஒரே சேஞ்ச்அப்புக்கு அட்டையில் பத்துப் பன்னிரண்டு நம்பர் இருக்கும். சந்தேகம் வந்தால் அட்டையையே மாற்றிவிடுவார்கள். அதுதான் எங்கள் துண்டு.

உங்கள் மகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றது அவள் இஷ்டம். கோச் கேட்டதில் எனக்குத் தப்பு தெரியவில்லை.

#5 லெக்ஸ்பின்னர்

சாப்ட்பால் எனக்கு அரைகுறை. ஆனால் இதே கதை கிரிக்கெட்டில் உண்டு. 1999 மொஹாலி டெஸ்ட், நியூசிலாந்துடன். கிறிஸ் கெய்ர்ன்ஸ் ரிவர்ஸ் ஸ்விங் போடுகிறார், திராவிட் ஆடுகிறார், எதிர்முனையில் சச்சின். கெய்ர்ன்ஸ் பந்தைக் கையில் மறைத்தாலும் பளபளப்பு எந்தப் பக்கம் என்று பக்கத்தில் நிற்கிற சச்சினுக்குத் தெரியும். தன் பேட்டை இடது கையில் பிடித்தால் ஒரு அர்த்தம், வலது கையில் பிடித்தால் இன்னொரு அர்த்தம். திராவிட் பவுலரைப் பார்க்காமல் சச்சின் கையைப் பார்த்து ஆடினார். சச்சினே பின்னாளில் இதைச் சிரித்துக்கொண்டு சொன்னார். யாரும் திருட்டு என்று சொல்லவில்லை, 'என்ன மூளைடா' என்றுதான் நாம் எல்லாரும் சொன்னோம்.

அதே நாம்தான், அஷ்வின் 2019-ல் ஜெய்ப்பூரில், பந்து போடுமுன்பே எதிர்முனைக் கோட்டை விட்டு நகர்ந்த பட்லரை ரன்-அவுட் ஆக்கியபோது ஆளுக்கொரு கட்சி கட்டிக்கொண்டு வாரக்கணக்கில் சண்டை போட்டோம். விதியில் இடம் இருந்தும்! 2022-ல் கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்சிசி அந்த அவுட்டை 'முறையற்ற ஆட்டம்' பகுதியிலிருந்து எடுத்து ரன்-அவுட் விதிக்குள்ளேயே வைத்துவிட்டது. எது பண்பு, எது புத்தி என்பது யார் செய்தார்கள் என்பதைப் பொறுத்து மாறுகிறதோ என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம்.

#6 எடிசன்வாசி

அப்போ சச்சின் பண்ணா மூளை, ஆஸ்ட்ரோஸ் பண்ணா மோசடி?

#7 பழைய_ஸ்கோர்ஷீட்

எடிசன்வாசி, ரெண்டும் ஒன்றில்லை. மேஜர் லீக் டீமான ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 2017-ல் செய்தது என்ன? சென்டர் ஃபீல்டு, அதாவது பேட்டருக்கு நேர் எதிரே மைதானத்தின் கோடி, அங்கிருந்து கேமரா கேட்சரின் விரலைப் படம் பிடிக்கிறது. டக்அவுட்டுக்குப் பின்னால் நடைவழியில் ஒரு மானிட்டர். அங்கே ஆள் உட்கார்ந்து ஜாடையைப் படித்து, மெதுவான பந்து என்றால் குப்பைத்தொட்டியை மட்டையால் டொம் என்று அடிப்பான். சத்தமில்லை என்றால் வேகப்பந்து. அந்த வருஷம் மேஜர் லீக்கின் கோப்பையான வேர்ல்டு சீரிஸும் ஜெயித்தார்கள். 2019 நவம்பரில் அங்கே ஆடிய பிட்சர் மைக் ஃபையர்ஸ் வாயைத் திறந்த பிறகுதான் குட்டு உடைந்தது. 2020 ஜனவரியில் தண்டனை: 50 லட்சம் டாலர் அபராதம், ரெண்டு வருஷத்துக்கு முதல் ரெண்டு சுற்று டிராஃப்ட் (புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும்) வாய்ப்பு காலி, ஜெனரல் மேனேஜருக்கும் மேனேஜருக்கும் ஒரு வருஷத் தடை, அன்றைக்கே ரெண்டு பேருக்கும் வேலை போச்சு. தொட்டியை அடித்த ஆட்டக்காரர்கள்? ஒருத்தருக்கும் ஒன்றுமில்லை. கோப்பையும் அவர்களிடமே இருக்கிறது.

ஒரு ரசிகர் அந்த சீசன் வீடியோக்களை உட்கார்ந்து கேட்டு 1,143 தொட்டிச் சத்தம் எண்ணியிருக்கிறார். இதற்கெல்லாம் பொறுமை வேண்டும் சாமி.

இது ஒன்றும் புதுசும் இல்லை. 1951-ல் நியூயார்க் ஜயன்ட்ஸ் லீக் பட்டியலில் 13½ ஆட்டம் பின்தங்கிக் கிடந்து, எழுந்து வந்து, பாபி தாம்சன் அடித்த ஹோம் ரன்னில் ஜெயித்ததைப் பேஸ்பாலின் மகா அதிசயம் என்பார்கள். சென்டர் ஃபீல்டுக்குப் பின்னால் இருந்த அறையில் டெலஸ்கோப் வைத்து, மின்சார பஸர் வழியாக ஜாடை வெளியே போன கதை 2001-ல்தான் பத்திரிகையில் விவரமாக வந்தது. அந்தக் கடைசிப் பந்துக்குத் தனக்கு ஜாடை வரவில்லை என்று தாம்சன் சொன்னார். பந்து போட்ட ரால்ஃப் பிராங்கா என்ன நினைத்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள், ஐம்பது வருஷம் அந்த ஒரு பந்துக்காகப் பேச்சு வாங்கிய மனுஷன்.

அதற்கும் முன்னால், 1900-ல் பிலடெல்பியா. மூன்றாவது பேஸ் கோச் நிற்கிற இடத்தில் மண்ணுக்கடியில் பஸர். சென்டர் ஃபீல்டுப் பக்கமிருந்து பைனாகுலரில் ஒருவர் பார்த்து பட்டனை அமுக்க, கோச்சின் காலுக்கடியில் அதிரும். சின்சினாட்டி டீமின் டாமி கார்கரன் அந்த இடத்தைக் காலால் கிளறி வயரை வெளியே இழுத்தார்.

என் கட்சி இது: களத்தில் நிற்கிறவன் தன் கண்ணால் பார்த்தால் ஆட்டம். களத்தில் இல்லாதவன் கருவியோடு புகுந்தால் மோசடி. 2022-லிருந்து மேஜர் லீக்கில் பிட்ச்காம் வந்துவிட்டது. கேட்சர் பட்டனைத் தட்டினால் பிட்சர் தொப்பிக்குள் சொல்லும். விரலே வேண்டாம். சண்டையும் பாதி ஓய்ந்தது.

#8 ஸ்கார்பரோ_சிவா

நாங்கள் சின்னனில 304 எண்ட சீட்டு விளையாடேக்க, ஜாடை காட்டுறதுதான் களவு. கையில வீரன் எண்ட பெரிய சீட்டு இருந்தால் மூக்கைச் சொறியிறது, துரும்பு கேக்கிறதுக்குத் தொண்டையைச் செருமுறது. எங்கட அப்பா எதிர்ப்பக்கத்து ஜாடையைப் பிடிச்சால் ஒண்டும் கதைக்கமாட்டார். அதை வைச்சே வெண்டுபோட்டு, கடைசியா "தம்பி, மூக்கு இன்னும் கடிக்குதோ?" எண்டு கேப்பார்.

ஆனால் சாப்ட்பாலில ஜாடை காட்டுறது முறையான வேலை. அப்ப அதைப் பிடிக்கிறவரைப் பாராட்டுறதோ, பேசுறதோ எண்டு எனக்கே குழப்பம். ஒண்டு சொல்லலாம்: தானாப் பிடிச்சுத் தான் விளையாடினால் ஒரு மாதிரி, இன்னொரு ஆளுக்குச் சொல்லிக் குடுத்தால் வேற மாதிரி. பரீட்சையில பக்கத்துப் பெடியனுக்குச் சொல்லிக் குடுக்கிற மாதிரி.

#9 வலைக்குப்பின்னால்

பரீட்சை தனியாள் எழுதுவது. இது டீம். டீமில் ஒருத்தர் இன்னொருத்தருக்குச் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

#10 கேட்சர்_அம்மா

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டேன், ஏன் ஹெல்மெட்டைத் தொடவில்லை என்று. நியாயம், அநியாயம் என்று ஏதாவது சொல்வாள், நாம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம் என்று பார்த்தால் அதெல்லாம் இல்லை. "அங்க உக்காந்திருந்ததும் ஒரு கேட்சர்மா" என்றாள். அவ்வளவுதான். தோசையை மடித்துச் சாப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

தன் ஜாடையை அவர்கள் பிடித்ததில் அவளுக்குக் கோபம் இல்லை. "நான்தான் மாத்தியிருக்கணும், ரெண்டாவது பேஸ்ல ஆள் வந்தா மூணு ஜாடை காட்டி நடுவுல இருக்கறதுதான் நிஜம்னு பிட்சர்கிட்ட சொல்லியிருக்கணும்" என்கிறாள். அவளே அதைச் செய்யச் சொன்னபோதுதான் ஒட்டவில்லை.

என் கோபம் இப்போது முழுக்க கோச் மேல்தான். ஆனால் அது அவள் மேட்டர் இல்லை, என் மேட்டர்.

#11 எடிசன்வாசி

அடுத்த தடவை நாலு விரலை ஆட்டிட்டு, உள்பக்கமா வேகமா ஒண்ணு போடச் சொல்லுங்க. ஜாடை பார்க்கிற பழக்கமே போயிடும்.

#12 நீலச்சட்டை

தயவுசெய்து வேண்டாம். போன வருஷம் நான் நின்ற ஒரு மேட்சில் இதைத்தான் செய்தார்கள். வெளிப்பக்கம் மெதுவாக வரும் என்று நம்பி அந்தப் பெண் பிளேட்டுக்கு மேல் சாய்ந்து காத்திருந்தாள். பந்து உள்பக்கம் வேகமாக வந்தது. முகத்துக்கு ஹெல்மெட் கம்பி உண்டு, கைக்கு ஒன்றும் இல்லை. விரல் முட்டி வீங்கி, க்ளவ்ஸைக் கழற்ற முடியாமல் அழுதாள். ரெண்டாவது பேஸில் நின்று சொன்ன பெண்ணும் அழுதாள், தான் தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று. அவளை யாரும் தேற்றவில்லை, எல்லாரும் அடிபட்டவளைச் சுற்றி நின்றார்கள். பிட்சரின் அப்பாவும் பேட்டரின் அம்மாவும் கார் பார்க்கிங் வரை சத்தம் போட்டுக்கொண்டே போனார்கள்.

பொய் ஜாடை விதிப்படி சரி. ஆனால் வெளிப்பக்கம் ஏமாற்றுங்கள், உயரத்தில் ஏமாற்றுங்கள். உடம்புப் பக்கம் வேண்டாம்.

#13 முருகேசன்_பிஇடி

வணக்கம். தமிழ்நாட்டில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மகன் வீட்டுக்கு டல்லாஸ் வந்த இடத்தில் இதைப் படித்தேன். எங்கள் ஊர்ப் பள்ளிகளிலும் சாப்ட்பால் உண்டு என்று இங்கே பலருக்குத் தெரியாது. பெண்கள் அணி வைத்திருந்தேன். ஒன்பது பேருக்கு க்ளவுஸ் ஆறு. இன்னிங்ஸ் மாறும்போது மைதானத்திலேயே கழற்றிப் போட்டுவிட்டு வருவார்கள், எதிர் அணி எடுத்துப் போட்டுக்கொள்ளும். அவர்களும் அப்படித்தான்.

தேசியப் பள்ளி விளையாட்டுக்கு வடக்கே போனோம். விரல் ஜாடையெல்லாம் நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எதற்கு? தமிழ் இருக்கிறதே! ஓரத்தில் நின்று "கீழே போடு", "மெதுவா", "வெளியே" என்று வாய்விட்டுக் கத்துவேன். பஞ்சாப் பிள்ளைகளுக்கும் மகாராஷ்டிரப் பிள்ளைகளுக்கும் ஒன்றும் புரியாது. ரெண்டு மேட்ச் ராஜாவாக இருந்தேன். மூன்றாவது மேட்ச் புதுச்சேரி. பழக்கதோஷத்தில் "மெதுவா!" என்று கத்தினேன். மட்டையோடு நின்ற பெண் என்னைத் திரும்பிப் பார்த்து, "சரிங்க சார்" என்றது.

அப்புறம் அவசரமாகப் பூப்பெயருக்கு மாறினோம், மல்லி என்றால் இது, முல்லை என்றால் அது. மூன்று பேட்டரில் அதையும் பிடித்துவிட்டார்கள். தோற்றுப்போய்ச் சேர்ந்து டீ குடித்தோம். காதில் விழுந்ததை எடுத்துக்கொண்டது திருட்டா? காதைப் பொத்திக்கொள் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

ஆனால் அம்மா, உங்கள் கோச் விஷயத்தில் ஒன்று. மூன்றாவது பேஸ் பக்கத்தில் நிற்கிறவருக்கு கேட்சரின் விரல் தெரியாது, தொடை மறைக்கும். தன் கண்ணுக்கு எட்டாததைப் பிள்ளையின் கண்ணால் பார்த்துத் தரச் சொல்கிறார். கேட்கலாம், எத்தனையோ பேர் கேட்கிறார்கள். பிள்ளை மாட்டேன் என்றால் அங்கே விட்டுவிட வேண்டும். எல்லார் முன்னாலும் திட்டினார் பாருங்கள், முப்பது வருஷம் விசில் ஊதியவன் சொல்கிறேன், அது ஆகாது. நானும் இளமையில் ரெண்டு மூன்று பிள்ளைகளை அப்படித் திட்டியிருக்கிறேன். அதில் ஒரு பெண் மறுநாளிலிருந்து மைதானத்துக்கு வரவேயில்லை.

#14 லெக்ஸ்பின்னர்

சார், "சரிங்க சார்" படித்துவிட்டு ஆபீஸில் சிரித்துவிட்டேன். தினேஷ் கார்த்திக் ஸ்டம்புக்குப் பின்னாலிருந்து பவுலருக்குத் தமிழில் சொல்வது ஸ்டம்ப் மைக்கில் கேட்கும்போதெல்லாம் எனக்கு இதே சந்தேகம்தான், பேட்டிங் பண்ணுகிறவனுக்கும் தமிழ் தெரிந்திருந்தால் என்ன ஆகும் என்று.

#15 கேட்சர்_அம்மா

பத்து நாள் கழித்து வருகிறேன். கோச்சிடம் தனியாகப் பேசினேன். திட்டியது தப்பு என்றார். ஜாடை விஷயத்தில் அவர் கட்சி மாறவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. விருப்பமில்லாத பிள்ளைகளைக் கேட்க மாட்டேன் என்றார், அது போதும்.

முருகேசன் சார் எழுதியதை மகளுக்குப் படித்துக் காட்டினேன். வினை அங்கேதான் ஆரம்பம். மறுநாளே பிட்சருக்கு (அந்தப் பெண் வீட்டில் ஸ்பானிஷ்) ஒன்று, ரெண்டு, மூணு சொல்லிக்கொடுத்துவிட்டாள். ரெண்டாவது பேஸில் ஆள் வந்தால் விரல் கிடையாது, வாய்தான். போன சனிக்கிழமை மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி "மூணு!" என்று கத்துகிறாள். மூணு என்றால் சேஞ்ச்அப். ரெண்டாவது பேஸில் நிற்கிற பெண் பாவம், முழித்துக்கொண்டு நிற்கிறாள். அடுத்தடுத்து ரெண்டு பேர் ஸ்ட்ரைக் அவுட்.

அப்போதுதான் கவனித்தேன். எதிர் டீம் பக்கம், மடக்கு நாற்காலியில் ஸ்வெட்டர், மஃப்ளரோடு ஒரு தாத்தா. ஒவ்வொரு "மூணு"க்கும் தலையைத் தூக்கிப் பார்க்கிறார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. மேட்ச் முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார். திருச்சியாம், பேத்தியைப் பார்க்க வந்திருக்கிறாராம். அந்தப் பேத்திதான் ரெண்டாவதாக ஸ்ட்ரைக் அவுட் ஆனவள்.

"மூணுன்னா மெதுவா வருதும்மா, அப்படித்தானே? அவ பேட்டைத் தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடியே கூப்பிட்டுச் சொல்லிட்டேன்" என்றார்.

"அப்புறம் ஏன் அவுட் ஆனா?"

"மூணுன்னா எத்தனை தாத்தான்னு கேட்டா."

#16 எடிசன்வாசி

வலைக்குப்பின்னால், அந்த ரிஸ்ட்பேண்ட் அட்டை நீங்களே பிரிண்ட் எடுக்கறீங்களா, கடையில வாங்கறீங்களா? எங்க டீமுக்கு 12 வேணும்.